கோலகங்சார் இரப்பர் மரம் யாருடைய வரலாறு?



பள்ளித் தவணை முடியும் தறுவாயில் நம் பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் கல்விச் சுற்றுலா ஏற்பாடாகும். பேருந்து பேசுவார்கள். தலைக்கு இத்தனை வெள்ளி என்று பெற்றோரிடம் தண்டுவார்கள். பொட்டலச் சோறு கட்டுவார்கள். சுற்றுலாவின் பட்டியலில் ஈப்போ இரயில் நிலையத்து முன்றிலில் நிற்கும் ஈப்போ மரமும் கோலகங்சாரில் நிற்கும் பழைய இரப்பர் மரமும் தவறாமல் இருக்கும். நேரம் மிஞ்சினால் தைப்பிங் பூங்காவின் மழைமரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார்கள். மரத்தைக் காட்டி மாணவருக்கு வரலாறு சொல்வது நல்ல பழக்கந்தான். அதனை நான் குறைகூற வரவில்லை. அந்த மரத்தடியில் நின்று நாம் சொல்லுகின்ற வரலாறு இருக்கிறதே, அதன்மீதுதான் எனக்கு வழக்கு.

முதலில் ஈப்போ மரத்தைப் பார்ப்போம். ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்து, 1917இல் கட்டிமுடித்த வெள்ளை மாளிகை போன்ற இரயில் நிலையத்தின் எதிரே அது நிற்கிறது. 1988இல் மாநகராகிய நம் ஊருக்குப் பெயர்தந்த இனத்து மரம். அதன் பாலில் கொடிய நஞ்சு உண்டு. அறிவியலார் அதற்கு இட்ட ‘அந்தியாரிஸ் டாக்சிகாரியா’ என்னும் பெயரிலேயே நஞ்சு இருக்கிறது. வழிகாட்டிகள் இதைச் சொன்னதும் பிள்ளைகள் இரண்டடி பின்வாங்குவார்கள். பிறகு சிரிப்பு, நிழற்படம், புறப்பாடு.

அந்த நஞ்சை அம்பு முனையில் தோய்த்து, ஊதுகுழலில் வைத்து, காட்டு விலங்கை வேட்டையாடிய மக்கள் யார்? இக்காடுகளின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள். செமாய் இனத்தாரும் தெமியார் இனத்தாரும் இன்றும் பேராக் மலைகளில் வாழ்கின்றனர். எந்த மரத்தின் பாலை எவ்வளவு காய்ச்சினால் அம்புக்கு ஏற்ற பதம் வரும் என்று அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவு இல்லாவிட்டால் அந்த மரம் காட்டில் நின்ற ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாய்ப் போயிருக்கும். ஆயினும் “இது நச்சு மரம், இதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர்” என்பதோடு நம் பாடம் முடிந்துவிடுகிறது. மரம் நினைவில் நிற்கிறது. மரத்தை அறிந்தவன் காணாமற்போகிறான்.

இதே கதைதான் கோலகங்சாரிலும். அங்குக் காணாமற்போகிறவர்கள் நம் பாட்டன் பாட்டிமார் என்பதால் நமக்குக் கூடுதலாகச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தைத்ததாகத் தெரியவில்லை!

கோலகங்சார் மரத்தின் கதையை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசேர்த்தார். அவற்றுள் 3,000க்கும் குறைவானவையே முளைத்தன. முளைத்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாருக்கு வந்து, அன்றைய பேராக் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் வளாகத்தில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் ஒன்றுதான் நில அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கும் மரம் என்பார்கள். அப்புறம் 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லியைப் பற்றிச் சொல்வார்கள். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டவர். தோட்டக்காரர்களைக் கண்டபோதெல்லாம் இரப்பர் நடுங்கள் என்று வற்புறுத்திப் பைத்தியக்கார ரிட்லி என்று பேரெடுத்தவர். 1896இல் மலாக்காவில் தான் சாய் யான் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டதையும் விவரமறிந்தவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். இவையெல்லாம் உண்மையே. இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. லோ நல்ல தாவரவியலர். ரிட்லி பெரும் அறிவாளர். நூறு வயது கடந்து 1956இல் மறைந்தவர். அவர்கள் பெயரை அழிக்கச் சொல்ல நான் யார்?

ஆனால், 1896க்குப் பிறகு கதை எப்படிப் போகிறது என்று கவனித்துப் பாருங்கள். “பின்னர் நாடெங்கும் இரப்பர் பயிரிடப்பட்டது. காடுகள் அழிக்கப்பட்டன. பால் எடுக்கப்பட்டது. ஏற்றுமதி செய்யப்பட்டது. நாடு வளம்பெற்றது.”

இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இந்த வாக்கியங்களைப் படித்தால் கை சிவப்பு மைப் பேனாவைத் தேடுகிறது. எல்லாம் செயப்பாட்டு வினை! ஆறாம் ஆண்டு மாணவனுக்குக் கூடத் தெரியும்: செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும்போது எழுவாயோடு ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு சேரவேண்டும். ‘கபிலன் பாடம் எழுதினான்’ என்பது ‘கபிலனால் பாடம் எழுதப்பட்டது’ என்று ஆகும். நம் நாட்டு இரப்பர் வரலாற்றில் விக்கமும் லோவும் ரிட்லியும் செய்தவற்றுக்கெல்லாம் செய்வினை. விக்கம் கொண்டுவந்தார், லோ நட்டார், ரிட்லி கண்டுபிடித்தார். அடுத்த அறுபது எழுபது ஆண்டுக் காலம் விடியுமுன் எழுந்து கோடிக்கணக்கான மரங்களை வெட்டியவர்கள் வரும்போது மட்டும் செயப்பாட்டு வினை. யாரால் எடுக்கப்பட்டது? அந்த ‘ஆல்’ எங்கே போயிற்று?

விடை நம் எல்லாருக்கும் தெரிந்ததே. 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. அதன் செலவில் கங்காணிமார் தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு முதலான பகுதிகளின் ஊர்களில் ஆள்சேர்த்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு அந்தக் கங்காணி முறையே தோட்டங்களுக்கு ஆள் நிரப்பிற்று. 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை தொடர்ந்தது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம். அதன்பிறகு தோட்டம். தமிழரோடு தெலுங்கரும் மலையாளிகளும் வந்தனர். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை அந்த மரத்தடியில் நாம் செலவிடுவதில்லை.

இனி நான் சொல்ல வந்த முதன்மைக் கருத்துக்கு வருகிறேன். சிலருக்கு இது விதண்டாவாதமாகத் தோன்றலாம். பொறுமையாகப் படியுங்கள்.

ஓர் இரப்பர் மரத்தின் ஆயுள் தோட்டத்தில் எவ்வளவு தெரியுமா? நட்டு ஐந்து முதல் ஏழாண்டில் வெட்டுக்கு வரும். இருபத்தைந்து, முப்பது ஆண்டு வரை பால் தரும். பால் குறைந்ததும் வேரோடு சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். 1925இல் அமைந்த இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் புதிய ஒட்டு வகைகளை உருவாக்கி எண் கொடுத்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் வகை உலகப் புகழ் பெற்றது. அந்தப் புதிய வகைகளுக்காகப் பழைய மரங்கள் இன்னும் விரைவாகச் சாய்ந்தன. அதன்பின் செம்பனை வந்து, இரப்பர்க் காடே மறைந்தது. 1990ஆம் ஆண்டுவாக்கில் உலகின் முதல் இரப்பர் உற்பத்தி நாடு என்ற இடத்தையும் நாம் தாய்லாந்து, இந்தோனேசியாவிடம் இழந்தோம். இன்று இந்நாட்டில் எடுக்கப்படும் இரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சிறுதோட்டக்காரர்களுடையது.

அப்படியானால் உழைத்த இரப்பர் மரம் எதுவும் நூற்றாண்டு வாழ்ந்திருக்க முடியாது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு நிற்கும் கோலகங்சார் மரம் ஏன் நிற்கிறது? அது நிரையில் நின்ற மரமன்று. துரையின் வளாகத்தில் நின்ற மரம். தோட்டக் கணக்கில் அதற்கு எண் இல்லை. பால் குறைந்துவிட்டது என்று கிராணி அதன்மேல் குறி போட்டதில்லை. பயன்பட்ட மரங்களெல்லாம் பயன் தீர்ந்ததும் சாய்க்கப்பட்டுப் போயின. அதிகாரியின் நிழலில் நின்ற மரம் சின்னமாயிற்று.

மரத்துக்கு நேர்ந்ததுதான் மனிதருக்கும் நேர்ந்தது. 1950களிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் குழுமங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது ‘துண்டாடல்’ என்ற சொல் நம் மக்கள் வாயில் சாபச் சொல்லாயிற்று. ஒரு பெருந்தோட்டம் பல துண்டுகளாகி, பல கைகளுக்குப் போகும். புதிய முதலாளி பழைய ஆளை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. லயத்து வீட்டை விட்டு இறங்கச் சொல்வார்கள். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் கோயில் போகும், பள்ளி போகும், புதைத்த இடமும் போகும். எத்தனை தோட்டத்துச் சுடுகாடுகள் இன்று செம்பனைக்கு அடியில் கிடக்கின்றன! கோலகங்சாரில் ஒரு மரத்துக்கு வேலி. நம் முன்னோரின் குழிமேட்டுக்கு வேலியில்லை. நான் மரத்தின் வேலியைப் பிடுங்கச் சொல்லவில்லை ஐயா, இன்னும் கொஞ்சம் கம்பி வாங்கச் சொல்கிறேன்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, “சரியாகச் சொன்னீர், நம்மவர் இரத்தமும் வியர்வையும் அல்லவா இந்நாட்டுக்கு உரம்” என்று சிலர் கைதட்டக்கூடும். அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. சொல்லப்போனால் துரைமார் கதையைச் சொல்பவர்களைவிட இவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம்.

பள்ளி ஆண்டுவிழா, பொங்கல் விழா, நூல் வெளியீடு, எந்த மேடையாயினும் சரி. பேச்சாளர் ஒருவர் எழுந்து ‘இரத்தத்தை உரமாக்கி, வியர்வையை நீராக்கி’ என்று முழங்குவார். கூட்டம் தட்டும். பேச்சாளரிடம் மேடையிறங்கியபின் கேட்டுப் பாருங்கள்: பால்வெட்டு உளியை எந்தக் கோணத்தில் பிடிப்பது? ஒரு வெட்டில் எவ்வளவு பட்டை சீவுவது? ஏன் விடியுமுன் வெட்டவேண்டும்? விழிப்பார். ஏனென்றால் அவருக்கு அது தெரியவேண்டிய தேவையே இருந்ததில்லை. இரத்தம், வியர்வை என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அவர் நம் பாட்டிமாரை வெறும் உடம்பாக்கிவிட்டார். உடம்பிலிருந்து வடிவதைப் பேசினார். கையிலிருந்த கலையைப் பேசவில்லை.

அந்தக் கலையைச் சற்றே சொல்கிறேன். மரத்தின் பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், கட்டைக்கு மிக நெருக்கமாக ஓடுகின்றன. ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஒரு மயிரிழை மிகுந்தால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்படலம் காயப்படும். அப்புறம் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுமுறை அங்கு உளி ஓடாது. மரம் கெட்டது என்று மண்டோர் வைவான், கூலியில் கைவைப்பான். ஆகவே இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான பட்டையைச் சீவ வேண்டும், சரிவு மாறக்கூடாது, முன்பு வெட்டிய கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். அளவுகோல் கிடையாது. விளக்கு நெற்றியில். கொசு காதில். மரத்துக்கு மரம் பட்டையின் கனம் வேறு. ஒரே மரத்தில் கிழக்குப் பக்கம் ஒருவிதம், மேற்குப் பக்கம் ஒருவிதம். இப்படி ஒரு காலைக்கு 400 முதல் 500 மரங்கள். எண்ணிப் பாருங்கள்.

ஏன் இருட்டில் வெட்டினார்கள்? மரம் இரவெல்லாம் நீருறிஞ்சி, விடியலுக்கு முன்தான் அதன் திசுக்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால் பால் நெடுநேரம் ஒழுகும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அழுத்தம் குறைந்து ஒழுக்கு நின்றுவிடும். பெரட்டுக்களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டது துரையின் கொடுமையால் மட்டுமன்று. மரத்தின் உடற்கூறும் அப்படி. இதனை எந்தத் தாவரவியல் நூலும் படிக்காமல் அறிந்திருந்தவர்கள் நம் பெண்கள். மழைநாளில் பட்டை நனைந்தால் பால் கோட்டைவிட்டு வழிந்து மரத்தோடு போய்விடும். ஆகவே மழையென்றால் வேலையில்லை, வேலையில்லையென்றால் கூலியில்லை. மங்கில் உறைந்தது கட்டிப்பால், வெட்டுக்கோட்டில் காய்ந்தது ஒட்டுப்பால். அதையும் உருவிச் சுருட்டி எடைபோட வேண்டும். காண்டா வாளியில் பாலைச் சுமந்து, தளும்பாமல் மேட்டிலிருந்து இறங்க வேண்டும். ரிட்லி மரத்தைக் கொல்லாமல் வெட்டலாம் என்று கண்டது பேரறிவுதான். அந்த அறிவை நாள்தோறும் கோடி மரங்களில் கொல்லாமல் நிறைவேற்றிய கை யாருடையது? ரிட்லி கண்டது முறை. அதைக் கலையாக்கியவர்கள் பால்வெட்டுக்காரர்கள்.

கலைக்குக் கூலி? 1920களின் பிற்பகுதியில் அரசு நிர்ணயித்த நாள்கூலி, வசதியான பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே உளி, பத்துக் காசு குறைவு. 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்து இரப்பர் விலை வீழ்ந்ததும் அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. மிஞ்சியவர்களைக் கூட்டங் கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். நிலைமையை ஆராய வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1937இல் தந்த அறிக்கையில் பழைய 50 காசும் 40 காசுமே மீளத் தரப்படவேண்டும் என்றார். அவருக்கும் அந்தப் பத்துக் காசு இடைவெளி உறுத்தவில்லை போலும்! நம் தலைவர்களைப் பற்றி எழுதும்போதும் இதையெல்லாம் எழுதிவிட வேண்டும்.

‘இரத்தம், வியர்வை’ என்று பேசும்போது இன்னொன்றும் தவறிப்போகிறது. அந்தப் பேச்சில் நம்மைத் தவிர வேறெவரும் இல்லை. மலாய்ச் சிறுதோட்டக்காரர் இல்லை. காடழித்த சீனர் இல்லை. 1922 முதல் 1928 வரை நடைமுறையிலிருந்த ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பெருந்தோட்டங்களுக்குச் சலுகையும் மலாய்ச் சிறுதோட்டக்காரர்க்கு இறுக்கமும் இருந்தது. அவர்கள் வயிற்றிலும் அடி விழுந்தது. நம் ‘ஆல்’ உருபைத் தேடும்போது அடுத்தவன் ‘ஆல்’ உருபையும் சேர்த்துத் தேடினால்தான் நம் வழக்கு நிற்கும். நாம் மட்டுமே உழைத்தோம் என்றால் கேட்பவன் எழுந்து போய்விடுவான். அவன் போவதில் தவறும் இல்லை.

சரி, சுற்றுலாப் பேருந்துக்கு வருவோம். ஈப்போவிலிருந்து பழைய சாலையில் கோலகங்சார் போனால் செம்மோர் கடந்து சுங்கை சிப்புட் வரும். பேருந்து அங்கு நிற்பதில்லை. நெடுஞ்சாலையில் போனாலோ அந்த ஊர் கண்ணிலேயே படாது. இரப்பர் மரத்தைப் பார்க்கப் போகிறவர்கள், இரப்பர் வரலாறு நடந்த ஊரைத் தாண்டிப் போகிறார்கள்!

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்தான் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதையடுத்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தோட்டத்து லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு, வேலைக்குப் போகும்போது வாயிலில் சோதனை. வேலிக்கு உள்ளே இருப்பவனைப் படைவீரர் ஐயுறுவர்; காட்டோரம் பால் வெட்டப் போனால் கம்யூனிஸ்டுகள் மிரட்டுவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் 1942, 43இல் சப்பானியர் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாய்த் தமிழரைச் சயாம் மரண இரயில் பாதைக்கு அள்ளிச் சென்றிருந்தனர். திரும்பாதவர் பலர். திரும்பியவர் பேசவில்லை.

துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் பிறந்ததும் அதே சுங்கை சிப்புட்டில்தான். துண்டாடல் உச்சத்திலிருந்தபோது தோட்டந் தோட்டமாகப் போய், தொழிலாளர்களே பணம்போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று சொல்லி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் முயற்சியால் 1954இல் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளி அவ்வூரில் இருக்கிறது. பேருந்தை அரைமணி நேரம் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்? நின்றால் காட்டுவதற்கு அங்கு மரமில்லை என்கிறார்கள். உண்மை. மரம் இருக்காது. அதுதானே பாடம்!

ஒருமுறை கோலகங்சார் மரத்தடியில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள்: “ஐயா, இதுல பால் வருமா?” அருகில் நின்ற மாணவன், “பால் பசுமாட்டுல வரும்” என்று அவளைத் திருத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவனுடைய பாட்டி முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. வீட்டில் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? இதுதான் நம் சமூகத்தில் யாரும் தொடத் துணியாத புண். ‘தோட்டத்து ஆள்’ என்பது நமக்குள் நாமே வசவுச் சொல்லாக்கிக்கொண்ட தொடர். பட்டணத்துக்குக் குடியேறி இரண்டு தலைமுறை ஆனவர்கள் பிள்ளைகளிடம் தோட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் ‘எந்த எஸ்டேட்’ என்று கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. ஒரு தந்தை என்னிடமே சொன்னார்: “அந்தக் கஷ்டமெல்லாம் எங்களோட போகட்டும் சார், பிள்ளைகளுக்கு எதுக்கு? கணினி சொல்லிக்கொடுங்க.” அவர் அன்பினால் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் மறைப்பது கஷ்டத்தை மட்டுமன்று, தம் தாயின் கைத்திறனையும்தான். மயிரிழை அளவில் உளி ஓட்டிய கைக்கு அவமானம் எங்கிருந்து வந்தது? கணினி கட்டாயம் சொல்லிக்கொடுக்கிறோம். பாட்டி எத்தனை மரம் வெட்டினார், கூலி என்ன என்று கேட்டு அதே கணினியில் அந்தப் பிள்ளையைத் தட்டச்சு செய்யச் சொல்வதில் என்ன தடை?

வேறு சிலர், “மரத்தைப் போய் அரசியலாக்குகிறீர்களே” என்கிறார்கள். பிரேசில் விதை, இலண்டன் முளை, பேராக் மண், தமிழ்நாட்டுக் கை, உலகச் சந்தை. இந்த மரம் என்றைக்கு ஐயா அரசியலில்லாமல் இருந்தது?

நம் மாநிலத்தில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாட்டிலேயே இங்குதான் அதிகம். ஏன் அதிகம்? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றது. சட்டத்துக்காகத் துரைமார் ஒரு கொட்டகை போட்டார்கள். கிராணியோ கங்காணியோ கூட ஆசிரியராக இருந்த பள்ளிகள் உண்டு. அந்தக் கொட்டகைகளின் வழித்தோன்றல்தான் இன்று நாம் கையொப்பமிட்டு உள்ளே நுழையும் பள்ளிகள் பலவும். தோட்டம் போய்விட்டது, பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. சில இடங்களில் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளியின் பெயர் ஏன் ஆங்கிலத் துரையின் பெயராக இருக்கிறது என்று ஒரு மாணவன் கேட்டால் விடைசொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நம் பள்ளியே இரப்பர் மரத்தின் கிளை என்பதை மறந்துவிட்டு, அடிமரத்தைப் பார்க்கப் பணம் தண்டுகிறோம்!

2027இல் கோலகங்சார் நடவுக்கு 150 ஆண்டு நிறைவு. விழா எடுப்பதானால் எடுக்கட்டும். எடுப்பவர்களிடம் நம் சங்கங்கள் ஒரே ஒரு கோரிக்கை வைத்தால் போதும்: அந்த வளாகத்தில் பால்வெட்டுக்காரர்களைப் பற்றி ஒரு பலகை. மலாயில் எழுதட்டும், தமிழிலும் எழுதட்டும், சீனத்திலும் எழுதட்டும். மரம் நட்டவர் பெயருக்குப் பக்கத்தில் மரம் வெட்டியவர்களுக்கும் ஒரு வரி. நன்கொடை திரட்டி வளைவும் சிலையும் வேண்டியதில்லை. சிலை வைத்தால் யாருடைய சாயலில் வைப்பது என்று நாம் சண்டை போட்டுக்கொள்வோம் என்பதும் எனக்குத் தெரியும்!

சங்கங்கள் கேட்கும்வரை ஆசிரியர்களாகிய நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சுற்றுலாவுக்கு முன் ஒவ்வொரு மாணவனும் வீட்டிலோ அண்டையிலோ பால் வெட்டிய ஒருவரைத் தேடிப் பேசிவரச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எத்தனை மரம், என்ன கூலி, தோட்டம் விற்றபோது என்ன நடந்தது; இந்த ஐந்து கேள்வி போதும். அவர்களுள் பெரும்பாலோர்க்கு இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டது. நடக்க முடிந்த ஒருவரைப் பேருந்தின் முன் இருக்கையில் அமர்த்தி அழைத்துச் செல்லுங்கள். மரத்தடியில் நீங்கள் பேசாதீர்கள், அவரைப் பேசவிடுங்கள். அவர் கையில் ஓர் உளியைக் கொடுத்து, வேலிக்கு வெளியே நின்றபடி காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். மரத்தைத் தொட வேண்டாம், அலுவலகத்தார் கோபித்துக்கொள்வார்கள்.

உளிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். என்னிடம் இரண்டு இருக்கின்றன, ஒரு மங்கும் இருக்கிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கேட்டால் இரவல் தருவேன். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிவிட வேண்டும், மங்கை உடைக்காமல்.